ஏறு, பிறகு மன்னிப்புக் கேள்

பெங்களூரில் என் பக்கத்து மேஜைக்காரன் ஒருவன், சொந்த ஊர் பூனா, 2025 பிப்ரவரியில் அண்ணாமலை உச்சிக்கு ஏறிவிட்டு வந்தான். திங்கட்கிழமை காலை காபி மெஷின் முன்னால் நின்று போனில் படங்களைக் காட்டினான். நெய் ஊறிக் கறுத்துப்போன பாறை, அதன்மேல் அவனுடைய எட்டாயிரம் ரூபாய் ஷூ, கீழே தீப்பெட்டி அளவுக்குப் பெரிய கோபுரம். ஸ்ட்ராவாவில் போன வழியின் கோடுகூட இருந்தது. "உன் ஊர்தானே, நீ எத்தனை தடவை ஏறியிருக்கே?" என்று இங்கிலீஷில் கேட்டான். ரெண்டு தடவை என்றேன். கடைசியாக 2016இல். அப்புறம் ஏன் போகவில்லை? ஏறக்கூடாதுப்பா, தடை என்றேன். சிரித்தான். செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக ஆள் பிடித்தானாம். 2000 ரூபாய். விடிகாலை மூன்றரைக்கு டார்ச் அடிக்காமல் கூட்டிப்போய் ஒன்பது மணிக்குள் இறக்கிவிட்டார்களாம்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஷூ போட்டு நின்றானே என்று முதலில் அவன்மேல் கோபம். சாயங்காலத்துக்குள் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. எழுபதைத் தாண்டிய என் அப்பா அந்த மலையின் அடியில் பிறந்து, அடியிலேயே கடை வைத்துப் பிழைத்தவர். அவர் இன்றைக்கு ஏற முடியாது. சட்டத்துக்கு பயந்தவர், 2000 ரூபாய் கொடுத்துத் திருட்டுத்தனமாகக் கடவுளைப் பார்க்கப் போகிறவர் இல்லை. தடை என்று ஒன்று இருந்தால் அது யாரைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இந்தத் தடை என் அப்பாவைத் தடுக்கிறது, பூனாக்காரனைத் தடுக்கவில்லை.

நான் சொல்லவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணாமலை உச்சிக்குப் பொதுஜனம் ஏறவே கூடாது என்ற நிலை மலையைக் காப்பாற்றவில்லை. வழியைத் திறக்க வேண்டும். எண்ணி, கொஞ்சம் பேரை, ஊர்க்காரர்கள் கூட்டிக்கொண்டு போகும்படி திறக்க வேண்டும். இதைச் சொன்னால் இரண்டு தரப்பும் என்னை அடிக்க வரும். ஒன்று பக்தர்கள், இன்னொன்று சூழல் ஆர்வலர்கள். என் நண்பர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், அதனால் அடி கொஞ்சம் மெதுவாக விழலாம்.

தடையின் கதையைத் தெரியாமல் பேசக்கூடாது. மலை காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். ஆனால் நான் சின்னப்பையனாக இருந்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. புல் அறுக்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், சாமியார்கள், வெள்ளைக்காரர்கள் என்று எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். 1999 தீபத்துக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார். எவர்சில்வர் தூக்கில் ஒரு கிலோ நெய். ஏழு சுனைக்கு மேலே என்னால் முடியவில்லை, அழுதேன். "தூக்கை மட்டும் நீ புடிச்சிக்கடா, உன்னை நான் தூக்கிக்கறேன்" என்றார். உச்சியில் கொப்பரைக்குப் பக்கத்தில் கால் வைத்தால் வழுக்கும், அவ்வளவு நெய். இறங்கும்போது என் உள்ளங்காலில் ஒட்டிய கறுப்பு மூன்று நாள் போகவில்லை. அம்மா அதைத் தேய்க்கவும் விடவில்லை.

பிறகு 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீக்குள் மாட்டிக்கொண்ட மலையேற்றக்காரர்களில் 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் போனவர்கள், என் வயசுக்காரர்கள், சிலர் என் தொழில்காரர்கள். அந்த வாரம் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் யாரும் மீம் போடவில்லை. அதற்குப் பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வேண்டியதுதான். அண்ணாமலையிலும் கெடுபிடி கூடியது. தீபத்தன்று மட்டும் 2500 பேருக்குச் சீட்டு கொடுத்து விடுவது வழக்கமாக இருந்தது.

அதுவும் 2024இல் நின்றது. ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1ஆம் தேதி சாயங்காலம் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீடு புதைந்தது. ஏழு பேர் செத்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 13 தீபம். மண் இளகிக் கிடக்கிறது, பக்தர்கள் ஏற வேண்டாம், கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுபோக வேண்டிய ஆட்கள் மட்டும் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த வருஷத்துக்கு அது சரியான முடிவு. நான் அதிகாரியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் சண்டை அந்த முடிவோடு இல்லை. ஒரு மழைக்கு எடுத்த முடிவை எல்லா வெயிலுக்கும் நீட்டிக்கப் பார்க்கிற சோம்பேறித்தனத்தோடுதான்.

அந்தச் சரிவில் செத்தவர்கள் மலையேறியவர்கள் இல்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வீட்டுக்குள் இருந்தவர்கள். மலையின் சரிவில் வருஷாவருஷம் வீடுகள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. வேறு இடம் வாங்க வக்கில்லாதவர்கள் ஏறுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அடிவாரத்து வீடுகளுக்கு ஈ.பி. கனெக்ஷன் கொடுத்தது யார்? வீட்டுவரி ரசீது கொடுத்தது யார்? தேர்தலுக்குத் தேர்தல் போய்க் கும்பிட்டு, தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்றது யார்? ஆக்கிரமிப்பு வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. கிரிவலப் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று 2016இல் மரங்களை வெட்ட ஆரம்பித்தபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சிமென்ட் மலையேறலாம், பொக்லைன் ஏறலாம், மனுஷன் கால் மட்டும் ஏறக்கூடாது என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

இனி பக்தர்கள் தரப்பு. மலையே லிங்கம், லிங்கத்தின் தலையில் காலை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து கிரிவலப் பாதையை ஷேர் ஆட்டோவில் சுற்றுபவர்கள் என்பதை விட்டுவிடுவோம். கேள்வி கேள்விதான். ஆனால் இதற்கு இந்த ஊர் எப்போதோ பதில் சொல்லி வைத்திருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை.

குகை நமசிவாயர் அந்த மலையில்தான் இருந்தார், அங்கேயேதான் அடங்கினார். 1896இல் மதுரையிலிருந்து ஓடிவந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயசுப் பையன் பின்னால் ரமணராகி, விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலுமாக 1922 வரை மலைமேல் வாழ்ந்தார். லிங்கத்தின்மேல் அவர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். தீபத்துக்கு வருவோம். 2668 அடி உயர உச்சிக்குக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போவதும், 3500 கிலோவுக்குக் குறையாத நெய்யையும் ஆயிரம் மீட்டர் காடாத்துணித் திரியையும் மேலே சேர்ப்பதும் அந்தரத்தில் நடக்கிற காரியமா? பர்வதராஜ குலத்தார் தோளில் நடக்கிறது. மீனவ மரபைச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சமூகத்துக்கு மகாதீபம் ஏற்றும் உரிமை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தீபம் எரிகிற பதினோரு நாளும் அவர்கள் மேலே போய்வந்துகொண்டே இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒன்று நடக்கும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஏன், உள்ளூரில் பாதிப்பேருக்குத் தெரியாது. திருவிழாவில் மலைமேல் மனுஷர் கால் பட்டதற்காகப் பிராயச்சித்த பூஜை செய்கிறார்கள். புனிதநீரை உச்சிக்குக் கொண்டுபோய் அண்ணாமலையார் பாதத்துக்கு அபிஷேகம் பண்ணி, சுவாமி, உன்மேல் ஏறிவிட்டோம், பொறுத்துக்கொள் என்று கேட்கிறார்கள். ஏறியதற்கு மன்னிப்புக் கேட்பதற்காக இன்னொரு தடவை ஏறுகிறார்கள்! எனக்கு இதில் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

இதற்குள் இருக்கிற புத்தியைப் பாருங்கள். ஏறாதே என்று சொல்லவில்லை. எப்படி வேண்டுமானாலும் ஏறு என்றும் சொல்லவில்லை. ஏறுவதில் ஒரு குற்றம் இருக்கிறது, அந்தக் குற்றம் இல்லாமல் தீபம் இல்லை, ஆகவே குற்றத்தைச் செய், செய்துவிட்டோம் என்று ஒத்துக்கொள், கணக்கை நேர் செய் என்கிறது. வனத்துறையின் பலகையில் இருக்கிற 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்ற வாக்கியத்தைவிட இது பல மடங்கு முதிர்ந்த வனக்கொள்கை என்பது என் அபிப்பிராயம். மிதிக்கலாமா என்று கேட்கும் பக்தர் இந்தப் பூஜைக்கு ஒரு தடவை வந்து நிற்கட்டும்.

அடுத்தது என் சொந்த ஜாதி, அதாவது வாரக்கடைசி மலையேற்றக்காரர்கள். எங்களுக்கு உச்சி ஒரு வியாதி. வெள்ளிக்கிழமை ராத்திரி டெம்போ டிராவலரில் ஏறி, சனிக்கிழமை விடிவதற்குள் ஒரு மலைத் தலையில் நின்று கை விரித்துப் படம் பிடித்து, ஞாயிறு சாயங்காலம் சில்க் போர்டு நெரிசலில் உட்கார்ந்தால்தான் வாரம் முடிந்த மாதிரி. போன மலையின் பெயரை மறந்துவிடுவோம், அடி எத்தனை என்பது மட்டும் ஞாபகம் இருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே பர்வதமலை இருக்கிறது, சுமார் 4500 அடி, கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய செங்குத்து. அங்கே ஒரு தடவை, முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி மூச்சு வாங்க நின்றார். என் கூட வந்தவன் வாட்சைத் தட்டி, "ஆன்ட்டி, ஒதுங்குங்க, டைமிங் போகுது" என்றான். அந்தம்மா மேலே இருக்கிற மல்லிகார்ஜுனருக்கு ஒரு செம்பு பால் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நாங்கள் கொண்டுபோனது டைமிங். அன்றைக்கு நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே வழியைத் திற என்று நான் சொல்வது எங்கள் கூட்டத்துக்காக இல்லை. அண்ணாமலையின் சொந்த வழி சுற்றி வருவதுதான். 14 கிலோமீட்டர், வெறுங்காலில், மலையை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு. உச்சி என்பது அதில் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற விசேஷம். கைலாசத்தையும் அப்படித்தான் சுற்றுகிறார்கள், இதுவரை அதன் தலையில் நின்றதாகப் பதிவு இல்லை. இந்த வாதத்தை எதிர்த்தரப்பு நண்பர் ஒருவர் என்னிடம் வைத்தபோது ஆஸ்திரேலியாவின் உலூருவையும் எடுத்துப்போட்டார். 2019 அக்டோபரில் அந்தப் பாறையில் ஏறுவதை நிரந்தரமாக மூடினார்களே, இங்கேயும் மூடினால் என்ன? மூடலாம். ஆனால் உலூருவை மூடச் சொன்னவர்கள் அந்த மண்ணின் சொந்தக்காரர்களான அனங்கு மக்கள். ஏறாதீர்கள் என்று பல வருஷம் பலகை வைத்துக் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மூடினார்கள். இங்கே யாரைக் கேட்டார்கள்? பர்வதராஜ குலத்தாரையா, புல் அறுத்தவர்களையா, ஆடு மேய்த்தவர்களையா? எங்கள் தெருவில் நெய் டின் சுமந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "நம்ம மலைக்கு நாம போறதுக்கு எவன்கிட்டப்பா சீட்டு வாங்கறது? வாங்கிக்கறேன், குடுக்கச் சொல்லு" என்றார்.

சூழல் ஆர்வலர்களின் பயம்தான் எனக்கு உண்மையாகவே கனமானது. அவர்கள் பயப்படுவது தீக்கு. 80களில் அண்ணாமலை மொட்டைப் பாறை. அப்போதைய படங்களில் பச்சையே தேட வேண்டியிருக்கும். இன்றைக்குத் தெற்குச் சரிவில் நிழல் இருக்கிறது என்றால் அது 80களின் கடைசியிலிருந்து சில அமைப்புகளும் ஊர்க்காரர்களும் நட்ட மரங்கள். மலைமேல் ஆள் உயரத்துக்கு வளர்கிற, கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கிற புல், மாசிக்கு மேல் காய்ந்தால் பெட்ரோல் மாதிரி. ஒரு பீடித்துண்டு போதும், பக்தியோடு ஏற்றின கற்பூரம் இன்னும் வசதி. ஒரு ராத்திரியில் பத்து வருஷ மரம் போய்விடும். இதற்காக ஒவ்வொரு வருஷமும் உள்ளூர் ஆட்கள் மலையின் குறுக்கே புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். தீ பிடித்தால் பச்சைத் தழைக்கொத்தால் அடித்து அணைப்பதும் அவர்கள்தான். அந்த வேலையை ஒரு நாள் வெயிலில் பார்த்தவன் மலையேறுவதைப் பற்றி அலட்சியமாகப் பேச மாட்டான்.

ஆனால் தீ வைக்கிறவன் யார்? சீட்டு வாங்கிக்கொண்டு, பெயர் எழுதிக்கொடுத்து, பை சோதனை போட்டு, கூட ஒரு ஊர் ஆளோடு பகலில் ஏறுகிறவனா? இருட்டில் ஒளிந்து ஏறி, மாட்டிக்கொள்ளக்கூடாது என்று குறுக்கு வழியில் புல்லுக்குள் இறங்கி ஓடுகிறவனா? திருட்டு வழிகாட்டிக்குப் பாதை முக்கியமில்லை, பாதையை விட்டு விலகுவதுதான் அவன் தொழில். அவனை நம்பிப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பும் இல்லை. 2025 மார்ச்சில் ஒரு பிரெஞ்சுப் பெண் பயணி, மலைக்குக் கூட்டிப்போன வழிகாட்டி தன்னிடம் பாலியல் வன்முறை செய்ததாகப் புகார் கொடுத்து, அவன் கைதான செய்தியைப் படித்தோம். உடனே எல்லோரும் சொன்னது, தடையை இறுக்கு. எனக்குத் தோன்றியது, அவன் யார் என்று எந்த ஏட்டிலாவது முன்கூட்டியே எழுதியிருந்தால்?

எங்கள் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. ஒரு சர்வருக்குத் தாங்க முடியாத கூட்டம் வந்தால் வாசலில் எண்ணி உள்ளே விடுவோம், நிமிஷத்துக்கு இத்தனை என்று. மீதிப் பேர் காத்திருக்கட்டும். சர்வரை அணைத்து வைத்துவிட்டு நான் அதைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒருவன் வந்து நின்றால் அவனுக்கு அடுத்த வருஷம் அப்ரைசல் இருக்காது.

எண்ணி விடுவது முடியாத காரியமும் இல்லை. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரி இருக்கிறது. ஏழு மலை தாண்ட வேண்டும், பருவத்துக்குப் பருவம் மாரடைப்பில் சிலர் சாகிறார்கள், ஆனாலும் பிப்ரவரியிலிருந்து மே வரை திறந்து விடுகிறார்கள். அடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தைக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் ஃபுஜி மலையின் யோஷிதா வழிக்கு 2024இல் கேட் போட்டு, நாளைக்கு 4000 பேர்தான், ஆளுக்கு 2000 யென் என்று வைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வனத்துறையே 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 மலைவழிகளை ஆன்லைன் முன்பதிவோடு, பயிற்சி கொடுத்த உள்ளூர் வழிகாட்டிகளோடு தொடங்கியது. ஒரு கையால் செய்யத் தெரிந்ததை இன்னொரு கைக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அண்ணாமலைக்கு 40 வேண்டாம், ஒரு வழி போதும். ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும் மட்டும். நாளைக்கு நூறு பேர், காலை ஆறு மணிக்கு மேல்தான், பத்துப் பேருக்கு ஒரு ஊர் ஆள். மழைக்காலத்திலும் புல் காய்ந்தபின்னும் பூட்டு. தீபத்தன்று மண்ணைச் சோதித்துப் பார்த்து, சரியென்றால் பழைய 2500இல் ஒரு பகுதி. இவர்களிடம் வாங்குகிற கட்டணம் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களின் கூலிக்குப் போகட்டும், அதுதான் பிராயச்சித்தம். செருப்புக்கு அனுமதி கிடையாது என்று ஒரு விதி வைத்தால் இன்னும் விசேஷம். எங்கள் கூட்டத்தில் பாதி அங்கேயே கழன்றுவிடும், ஸ்ட்ராவா டைமிங்கும் கெட்டுப்போகும்.

விஐபி சீட்டு வந்து புகுந்துவிடும், நூறில் எண்பது சிபாரிசுக்குப் போகும் என்று அப்பாவே சொல்கிறார். கோயில் வரிசையில் நின்றவர், அவருக்குத் தெரியும். என்னிடம் அதற்குப் பதில் இல்லை, குலுக்கல் முறை வைக்கலாம் என்று ஏதோ சொன்னேன். "குலுக்கறவன் யாரு?" என்றார்.

நெய் கொண்டுபோன அந்த எவர்சில்வர் தூக்கை அவர் இன்னும் வைத்திருக்கிறார். கைப்பிடி ஒரு பக்கம் கழன்று கம்பி கட்டியிருக்கும். போன தீபத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நின்று எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டோம். பேத்தி, "தாத்தா, அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள். "உங்கப்பனை ஒருவாட்டி தூக்கினு போனேன்" என்றார். ராத்திரி வீட்டில் சமைக்க யாருக்கும் தெம்பில்லை. அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் முக்குக் கடையில் இட்லிக்குச் சாம்பார் வாங்கி வந்தார்.